காயச் சான்று

இல்ல உடற்பயிற்சி மேம்பாட்டு வாரியம் அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. இருபத்தாறு பேர் அதில் வேலை பார்த்தார்கள். இருபத்தாறு பேரும் லிப்டில்தான் ஏறி இறங்கினார்கள். மூன்றாவது மாடியிலிருந்த கேன்டீனுக்குப் போய்வரக்கூட மணியடித்து லிப்டை வரவழைப்பார்கள். லிப்ட்காரருக்கு அதில் குறையொன்றும் இல்லை. அவர்கள் நடந்துவிட்டால் அவருக்கு வேலை ஏது?

பத்தொன்பது வருஷமாக அவர் அந்தக் கூண்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாடி எண்ணைத் தவிர வேறெதையும் அவரிடம் யாரும் பேசியதில்லை. வம்புதும்பு இல்லாத வாழ்க்கை. அப்படியிருக்க ஒருநாள் மின்சாரம் போய், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவரும் வாரியத் தலைவரும் மட்டும். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் தலைவர் முதன்முறையாக லிப்ட்காரரைப் பார்த்தார்.

“ஏம்பா, உனக்கு என்ன வயசு?”

“நாப்பத்தாறு சார்.”

“இந்த வயசுல இவ்வளவு தொப்பையா?”

லிப்ட்காரர் குனிந்து பார்த்துக்கொண்டார். இருந்தது. தலைவருக்கும் இருந்தது. லிப்டுக்குள் அவருக்கு முன்னால் அதுதான் வரும். ஆனால் பதவியோடு சேர்ந்து வளர்ந்ததைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று லிப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை.

“பாரு, ஒரு தேசம் இப்படித்தான் வயிறு வச்சு அழியுது,” என்றார் தலைவர். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிற எல்லாரும், அலுவலகக் குடியிருப்பில் இருக்கிற எல்லாரும், வீட்டில் ஒரு உடற்பயிற்சிக் கருவியாவது வைத்துத் தினமும் நாற்பது நிமிஷம் பயன்படுத்த வேண்டும். தவறினால் குடியிருப்பு வீடு ரத்து.

லிப்ட்காரர் வீடு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை. ஒன்றில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். குடியிருப்பிலுள்ள பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைத்துக் கொடுத்தாள். வீடு போனால் வாடிக்கையும் போய்விடும். இரவல் இடத்தில் எந்த மெஷினும் ஓடாது என்பது அவள் கணக்கு.

“போயி நம்ம வீட்டுக்கு அடங்கறதா ஒண்ணைப் பாத்து வாங்கிட்டு வாங்க,” என்றாள். “ஊரார் வாங்குறாங்கன்னு யானையைப் பிடிச்சுட்டு வராதீங்க.”

கருவித் தேர்வு முகாம் தரைத்தளக் கூடத்தில் நடந்தது. ஓடுகிற டிரெட்மில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள், எடை தூக்குகிற பெஞ்ச், கதவு நிலையில் மாட்டித் தொங்குகிற கம்பி, இழுக்கிற ரப்பர் பட்டை எல்லாம் வரிசையாக நின்றன. கழுத்தில் விசில் போட்டிருந்த தேர்வு ஆலோசகரிடம் லிப்ட்காரர் பணிவாகக் கேட்டார்.

“சார், எங்க வீட்டுல கட்டிலை மடிச்சாத்தான் நடக்கவே முடியும். கீழ் வீட்டுல ஆளிருக்காங்க, குதிச்சா அவங்க தலையில இடி விழுந்த மாதிரி இருக்கும். எனக்கு முட்டி வலி வேற. எது சரிப்படும்?”

ஆலோசகர் அவரை அருவருப்போடு பார்த்தார். “வீட்டைப் பாத்து, உடம்பைப் பாத்து கருவி வாங்கறவன் உருப்பட்டதா சரித்திரமே இல்ல. முதல்ல கருவியை வாங்கு. உடம்பும் வீடும் தானா வழிக்கு வரும். இதைப் பாரு!”

அவர் விசில் ஊதினார். தசை முறுக்கிய ஒரு செயல்விளக்கக்காரன் டிரெட்மில்லில் ஏறினான். ஆலோசகர் பொத்தானை அழுத்தினார். மெதுவாக ஆரம்பித்து ஏற்ற வேண்டிய வேகத்தை, தலைவர் பார்க்கிறார் என்ற உற்சாகத்தில், ஒரேயடியாக உச்சத்துக்கு வைத்துவிட்டார். செயல்விளக்கக்காரன் இரண்டு எட்டு ஓடினான். மூன்றாவது எட்டில் கால் பின்னிக்கொண்டது. முகவாய் முன்கம்பியில் அடித்தது. பெல்ட் அவனை வாரி எடுத்துப் பின்சுவரில் வீசியது. அவன் பல் ஒன்று பறந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தட்டச்சர் அம்மாவின் மடியில் விழுந்தது. பெல்ட் ரத்தக் கோடு போட்டுக்கொண்டு தன்பாட்டுக்குச் சுற்றியது.

“மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்!” என்று முழங்கினார் ஆலோசகர். “மனுஷன் நின்னாலும் மெஷின் நிக்காது! பாத்தீங்களா தரத்தை!”

தலைவர் கைதட்டினார். அதனால் எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு டிரெட்மில்தான் அதிகம் போயிற்று. மடியில் பல் விழுந்த தட்டச்சர் அம்மாவும் அதைத்தான் எடுத்தார். தலைவருக்குக் கடிதம் அடிக்கிறவர் வேறெதை எடுப்பார்? லிப்ட்காரர் மட்டும் ஐந்து கிலோ டம்பெல்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டார். ஆலோசகர் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘ஆர்வம் குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

ஆர்வம் குறைந்த லிப்ட்காரர் வீட்டுக்கு வந்து பழைய மெத்தையை மடித்துத் தரையில் போட்டார். அதன்மேல் நின்று கையை மடக்கிப் பத்துமுறை தூக்கினார். மூச்சு வாங்கியது. நிறுத்தினார். மறுநாள் பன்னிரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து முட்டியைப் பழக்கினார். மனைவியும் மெஷின் மிதித்து இறுகிப்போன தோளுக்கு ஒரு டம்பெல்லை மட்டும் எடுத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தாள். வலித்தால் விட்டுவிடுவார்கள். யாரோடும் போட்டி இல்லை. மூன்று மாதத்தில் அவர் பேன்ட் இடுப்பை அவள் இரண்டு அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

மற்ற வீடுகளில் நிலவரம் வேறு. காலையில் ஆறு மணிக்கெல்லாம் குடியிருப்பு அதிர ஆரம்பித்துவிடும். மேல்வீட்டுக் காசாளர் கம்பியில் தொங்கினார். கதவு நிலை சுவரோடு பெயர்ந்து அவர் முதுகில் வந்தது. கீழ்வீட்டு ஓட்டுநர் ரப்பர் பட்டையைக் கட்டில் காலில் மாட்டி இழுத்தார். அது அறுந்து வந்து ஒரு கண்ணை மூடவைத்துவிட்டது. எதிர்வீட்டிலிருந்து ஒருநாள் கேட்ட அலறலில் லிப்ட்காரரின் மனைவி துணி வெட்டுகிற கத்தரியோடு அப்படியே ஓடினாள். தட்டச்சர் அம்மாவின் பின்னல் டிரெட்மில் உருளைக்குள் சிக்கி, தலையை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. லிப்ட்காரரின் மனைவி பின்னலை ஒரே வெட்டில் வெட்டினாள். அதற்குள் உள்ளங்கையகலம் தோல் உரிந்து போயிருந்தது.

“அக்கா, மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டச்சர் அம்மா மயங்கி விழுந்தார். உடைந்தால் அதற்குத் தனி விசாரணை உண்டு.

இதற்கிடையில் வாரியத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. சோதகர்கள் வீடுவீடாகப் போனபோது பாதி வீடுகளில் சைக்கிள்மேல் ஈரத்துணி காய்ந்தது. ஒரு வீட்டில் பெஞ்சில் கோழி முட்டையிட்டிருந்தது. யார் நிஜமாகவே கருவியைப் பயன்படுத்துகிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடை பார்க்கலாம், நாடி பார்க்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். எடையும் நாடியும் ஏறி இறங்கும், கோப்பில் நிற்காது என்று அவரை அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் யோசித்துத் தலைவரே விடை கண்டார். தரைத்தளக் கூடத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

“விழுந்தவன்னா யாரு? ஏறினவன். ஏறாதவன் எங்கேருந்து விழுவான்? அப்போ விழாதவன் ஏறினான்னு நான் எப்படி நம்புறது? இது எளிமையான தர்க்கம். நம்ம முன்னோர் முட்டாள் இல்ல. உடம்புக்கும் காயம்னு பேர் வச்சாங்க, புண்ணுக்கும் காயம்னு பேர் வச்சாங்க. ஒரே சொல்! ஏன்? காயம் இல்லாத காயம் காயமே இல்ல. அதனால வாரியம் இனிமே காயச் சான்று கேக்கும். எலும்பு முறிவு முதல் வகை. தையல் போட்டது இரண்டாம் வகை. ரத்தக்கட்டு, சிராய்ப்பு மூணாம் வகை. சான்று இல்லாத வீடு மாசக் கடைசியில ரத்து.”

தட்டச்சர் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, தலைக்கட்டோடு நிற்கவைத்து, முதல் கேடயத்தைக் கொடுத்தார்கள். நிற்க முடியாமல் தள்ளாடிய அவரைப் பார்த்து, “இதுதான் உழைச்ச உடம்பு!” என்றார் தலைவர்.

அந்த வாரமே சோதகர் லிப்ட்காரர் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கையில் பூதக்கண்ணாடி. லிப்ட்காரரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கக்கத்தைக்கூட விடவில்லை.

“ஒரு கீறல்கூட இல்லையே?”

“இல்ல சார். பாத்துதான் பண்றேன்.”

“மூணு மாசமா?”

“தினமும் பண்றேன் சார். இடுப்பு ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு. வேணும்னா பேன்ட்டைக் காட்டட்டுமா? பழைய தையல் தடம் இருக்கு.”

“பேன்ட்டுக்கு உடம்பு இளைச்சா அது பேன்ட்டோட சாதனை,” என்றார் சோதகர். “ஏம்மா, நீயாவது சொல்லக்கூடாதா? பக்கத்து வீட்டுக்காரங்கள்லாம் ரத்தம் சிந்துறாங்க. இவர் மட்டும் கல்லுக்குண்டாட்டம் நிக்கறாரே, வெட்கமா இல்ல?”

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “நல்லா இருக்கறது குத்தம்னு எனக்குத் தெரியாம போச்சுங்க,” என்றாள்.

சோதகர் அதையும் எழுதிக்கொண்டார். பதினைந்து நாளில் முதல் வகைச் சான்று தராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தார். மற்றவர்களுக்கு மூன்றாம் வகையே போதும். ஏமாற்றுவதாகச் சந்தேகிக்கப்படுகிறவர்களுக்கு மட்டும் முதல் வகை. வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, “நல்ல மனுஷனாத் தெரியறீங்க. லேசா எதையாவது ஒடிச்சுக்குங்க. யாரும் கேக்க மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி வாரம் நெருங்க நெருங்கக் குடியிருப்பு முற்றத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. தானாக விழுந்து அடிபடுவது நினைத்ததுபோல எளிதல்ல என்று எல்லாரும் கண்டுகொண்டிருந்தார்கள். கை தடுத்துவிடும், கால் ஊன்றிக்கொள்ளும். ஆகவே கைமாற்றாக அடித்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. முதலில் நிர்வாகப் பிரிவு குமாஸ்தாக்கள் இருவர் வந்தார்கள். முப்பது வருஷ சிநேகம். எதிரெதிரே நின்று வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

“நீங்க முதல்ல அடிங்க.”

“சேச்சே, நீங்கதான் சீனியர்.”

சீனியர் டம்பெல்லால் தோளில் ஒன்று வைத்தார். ஜூனியர் பதிலுக்கு விலாவில் வைத்தார். “நான் மூணாம் வகைக்குத்தானே அடிச்சேன், நீ ரெண்டாம் வகைக்கு அடிக்கறியே!” என்று சீனியருக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டு வருஷம் முன்னால என் பதவி உயர்வை அமுக்கினது எந்த வகை?” என்று கேட்டார் ஜூனியர். அதற்கப்புறம் அங்கே நடந்தது சான்றுக்காக நடந்ததல்ல. விலக்கப்போன காசாளரின் மூக்கு உடைந்தது. காசாளரின் மனைவி ரப்பர் பட்டையால் ஜூனியரின் கழுத்தைச் சுற்றி இழுத்தாள். குடியிருப்பில் எத்தனை வருஷமாக எத்தனை பகை புழுங்கிக் கிடந்தது என்று யாருக்கும் அதுவரை தெரியாது. தண்ணீர் பிடிக்கிற வரிசை, மாடியில் துணி காயப்போட்ட இடம், ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டது, எல்லாம் அன்று எலும்பு எலும்பாகக் கணக்குத் தீர்ந்தது. முற்றத்து சிமென்ட் தரையில் பற்களைப் பொறுக்கி யாருடையது எது என்று பிறகு பிரித்துக்கொண்டார்கள்.

வாரியத்தின் மாத அறிக்கை ‘மக்கள் பங்கேற்பு மும்மடங்காக உயர்ந்தது’ என்றது.

லிப்ட்காரர் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். இறங்கிப் போகவில்லை. அவருக்கு யார்மேலும் அப்படிப் பகையில்லை. பகை வளர்க்கிற அளவுக்கு யாரும் அவரோடு பழகியதில்லை.

நோட்டீஸ் முடிய மூன்று நாள் இருக்கும்போது கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள்.

“இடது கைன்னா நல்லது. லிப்ட் நெம்புகோல் வலது பக்கம் இருக்கு,” என்றார்.

“அப்போ இடது.”

“முழங்கைக்குக் கீழே. ரெண்டு எலும்புல ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு டாக்டர் சொல்வார்.”

“சரி.”

“நீயே பண்ணிடு. வேற யாரும் வேணாம்.”

அவள் ஒரு டம்பெல்லை எடுத்தாள். அவர் கையை மெஷின் மேஜையில் நீட்டினார். அவள் ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. மறுபடி ஓங்கினாள். மூன்றாவது முறை டம்பெல்லைத் தொப்பென்று மெத்தையில் போட்டுவிட்டு, அவர் நீட்டிய கையையே பிடித்துக்கொண்டு அழுதாள். இருபது வருஷம் சட்டைக்கு அளவெடுத்த கை. அதன் நீளம் இன்னதென்று அவளுக்கு உறக்கத்திலும் தெரியும்.

“என்னால ஆகாதுங்க. தம்பியைக் கூப்பிடறேன்.”

மச்சான் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் சைக்கிளில் பறந்து வந்தான். கேட்காமலே கையோடு ஒரு இரும்புக் குழாயும் கொண்டுவந்திருந்தான்.

“டம்பெல் இருக்குடா,” என்றாள் அக்கா.

“அது பிடி சரியா இருக்காதுக்கா. குழாய்தான் கைக்கு வாகு. மாமா, எந்தக் கை?”

“இடது. மெதுவா...”

“மாமா, ஒண்ணு கேக்கலாமா? அஞ்சு வருஷம் முன்னால எனக்குப் பொண்ணு பேசிட்டிருந்தப்போ, ‘இவன் ஒரு வேலைல நிலைக்க மாட்டான்’னு பொண்ணு வீட்ல சொன்னது நீங்கதானே?”

“அது... நான் யதார்த்தமா...”

குழாய் இறங்கியது. காய்ந்த சுள்ளியை முட்டியில் வைத்து ஒடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். லிப்ட்காரருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் குழாயைக் கீழே போட்டுவிட்டு, மாமாவைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, தன் முதுகிலேயே சுமந்து மூன்று மாடி இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம், “மன்னிச்சுக்குங்க மாமா, மனசுல ஒண்ணும் இல்ல இப்போ. சத்தியமா ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே போனான்.

எலும்பு டாக்டர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். சான்றில், ‘இரும்புக் குழாயால் தாக்கியதால் ஏற்பட்ட முறிவு’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார்.

நாலாவது மாடி விசாரணை அறையில் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோதகர். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க மேஜைமேல் ஒரு டம்பெல்லை வைத்திருந்தார்கள். லிப்ட்காரர் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நின்றார். சோதகர் சான்றைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இரும்புக் குழாய் அங்கீகரிக்கப்பட்ட கருவிப் பட்டியல்ல இல்லையே?”

“சார், எலும்பு முறிஞ்சிருக்கு சார். ரெண்டு இடத்துல.”

“முறிஞ்சது வாஸ்தவம். ஆனா உடற்பயிற்சியில முறியல. இது வெறும் அடிதடி. வாரியம் அடிதடியை ஊக்குவிக்காது.”

லிப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். “வீடு போயிடும் சார். என் சம்சாரம் அங்கதான் தைக்கறா. ஒரு வார்த்தை...”

“இன்னொரு கை இருக்கே?” என்றார் சோதகர். மேஜைமேலிருந்த டம்பெல்லைக் கண்ணால் காட்டினார். “இது அங்கீகரிக்கப்பட்டது. சோதகர் முன்னிலையில நடந்தா டாக்டர்கூட வேணாம், நானே சான்று தருவேன். இப்பவே, இங்கயே. லேசா ஒண்ணு.”

இருக்கிற ஒரே நல்ல கையால் அந்தக் கையையே எப்படி அடித்துக்கொள்வது என்று லிப்ட்காரர் யோசித்தார். ஆனாலும் சொன்னபடி டம்பெல்லை எடுத்தார். எடுத்தவுடன் காகிதங்கள் அறை முழுக்கப் பறந்தன. தலைவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“தயங்காதே. வலிங்கறது மனசுல இருக்கு. என்னைப் பாரு. என் வீட்டுல ஒரு கருவியும் கிடையாது. ஏன்னு கேளு. நான் கொள்கை! கொள்கை ஓடாது, மத்தவங்களை ஓடவைக்கும். நீ உடம்பு. உடம்பு அடிபட்டுத்தான் ஆகணும். இந்தப் பதினொரு வருஷத்துல என் உடம்புல ஒரு சிராய்ப்பு உண்டா? கிடையாது. ஏன்? வலியைக் கண்டு நான் என்னிக்குமே பயந்த...”

டம்பெல் அவர் தாடையில் இறங்கியது. மூன்று மாதம் தினமும் பழகிய கை. தாடை ஒரு பக்கமாக விலகித் தொங்கியது. தலைவர் நாற்காலியோடு பின்னால் சரிந்து, பாதி வார்த்தையும் ரத்தமுமாகத் தரையில் கிடந்தார். லிப்ட்காரர் தன் கையையே பார்த்தார்.

சோதகர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். முப்பது வருஷ சேவையில், என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம் அவர் படிவம்தான் எடுப்பார். எடுத்தார். “கருவி, அங்கீகரிக்கப்பட்டது. முன்னிலை, சோதகர். காயம், தாடை முறிவு, முதல் வகை. கருவியைப் பயன்படுத்தியவர்...” என்று நிறுத்தி, லிப்ட்காரரைப் பார்த்து, அவர் பெயரை எழுதினார். பயன்படுத்துகிறவரும் காயம்படுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. இரண்டு சான்று ஆயிற்று. ஒன்று லிப்ட்காரருக்கு, ஒன்று தலைவருக்கு.

தாடையில் கம்பி கட்டிய தலைவர் மருத்துவமனையிலிருந்து ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்: ‘அவனைப் பிடித்து உள்ளே போடு.’ சோதகர் ஓடிப்போய் விளக்கினார். மேலிடம் அதிகாரிகளிடமும் காயச் சான்று கேட்க ஆரம்பித்திருக்கிறது, வாரிய அதிகாரிகளில் இன்றைய தேதிக்குச் சான்று உள்ளவர் தலைவர் ஒருவர்தான் என்றார். தலைவர் இரண்டாவது சீட்டு எழுதினார்: ‘எந்த வகை?’

“முதல் வகைங்க.”

மூன்றாவது சீட்டு லிப்ட்காரருக்கு நியமன உத்தரவாக வந்தது. அவர் இனி வாரியத்தின் நேர்முகச் செயல்விளக்கப் பயிற்றுநர். தனி அறை. ஒரு டம்பெல். லிப்டில் பொத்தான் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் பதினொரு அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். சோதகர்தான் முதல். சுண்டுவிரலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். லிப்ட்காரர், “மன்னிச்சுக்குங்க சார்,” என்று சொல்லிவிட்டு அடித்தார். அடுத்த இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். நாலாவது ஆளிடம் கேட்க மறந்துவிட்டது. ஏழாவது ஆளிடம், “மூச்சை வெளிய விடுங்க, உதறாதீங்க,” என்று பக்குவம் சொன்னார். பதினொன்றாவதாகத் தேர்வு ஆலோசகர் வந்து கால் கட்டைவிரலைக் காட்டினார்.

“கால்விரலுக்கெல்லாம் ரெண்டாம் வகைக்கு மேல வராதுங்க. முட்டியைப் பண்ணிடலாம்,” என்றார் லிப்ட்காரர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள், மிதிக்கவில்லை. மடியில் ஒரு நோட்டீஸ் இருந்தது.

“இன்னிக்கு எத்தனை பேரு?”

“பதினொண்ணு.”

“பாவமா இல்லையா?”

“முதல்ல இருந்துச்சு. பழகிடுச்சு. இதென்ன காயிதம்?”

“இந்த மாசத்துலேருந்து குடும்பத்துல உள்ளவங்களும் சான்று தரணுமாம். எனக்கு வந்திருக்கு.”

அவர் வாங்கிப் படித்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சுட்டிருக்க? நான் இருக்கேன்ல. மூணாம் வகை போதும். தோள்ல ஒண்ணு, உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. லேசா முடிச்சுடலாம்.”

அவள் எழுந்து அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தாள்.

“என்ன பண்ற?”

“காலி பண்றேன்.”

“பைத்தியமா உனக்கு? இந்த வீட்டுக்காகத்தானே கையை ஒடிச்சுக்கிட்டேன்!”

“ஆமாங்க. அன்னிக்கு உங்களை அடிக்க எனக்குக் கை வரல. இன்னிக்கு என்னை அடிக்க உங்களுக்கு யோசனையே வரல. நீங்க இருக்கறதா இருந்தா இருந்துக்குங்க.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் ஆலோசகரின் முட்டி உடைந்த சத்தம் அவர் காதில் விழுந்தது. அடித்தபோது அவர் அதைக் கேட்கவேயில்லை. பின்னாலேயே மற்ற பத்து சத்தமும் வரிசையாக வந்தன. எழுந்து வந்து அவளுக்கு எதிரே நின்று, ஒரு கையால் புடவை ஒன்றை மடிக்கப் பார்த்தார். வரவில்லை. அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, வாடகை வண்டியில் மெஷினும் மூட்டைகளுமாக மச்சான் வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். மனைவிதான் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும் இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் மச்சானின் கைக்குப் போயிற்று.

அவன் கையில் துடைப்பம் இருந்தது. அவர்களுக்காக முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.